காயமும் போதையும்: அமெரிக்கச் சமூக மனநலப் பணியின் ஒரு வரலாறு

மனநோயும் மதுப்பழக்கமும் ஒரே மனிதரிடம் சேர்ந்து காணப்படுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடு அவ்விரண்டையும் வெவ்வேறு வாசல்களுக்கே அனுப்பிவைத்தது. குடியை விட்டுவிட்டு வந்தால் மனநோய்க்கு மருந்து தரலாம் என்று ஓரிடத்திலும், மனம் தெளிந்தபின் வந்தால் குடியை நிறுத்த உதவலாம் என்று மற்றோரிடத்திலும் திருப்பியனுப்பப்பட்டவர்கள் நடுவே சிக்கி நலிந்தனர். இரண்டுக்கும் அடியில் பல வேளைகளில் கிடந்த மூன்றாவதொன்றை, அதாவது சிறுவயதிலோ போர்க்களத்திலோ இல்லறத்திலோ அவர்கள் பட்ட கொடுமையை, எந்த வாசலிலும் எவரும் கேட்டதில்லை. தாங்கவியலாத அச்சத்துக்கும் வன்முறைக்கும் ஆளானபின் அதன் தடம் உள்ளத்திலும் உடலிலும் நீங்காமல் தங்கிவிடுவதை மனவடு என்று உளவியலார் சொல்வர். அத்தகைய தடம் உதவி நாடி வருபவர் எவரிடமும் இருக்கலாம் என்று முன்கூட்டியே எண்ணி, பேச்சு, விதி, அறையமைப்பு, கால ஒழுங்கு ஆகிய அனைத்தையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும் பணிமுறைக்கு மனவடு அறிந்த பராமரிப்பு என்று பெயர். இன்று அரசு ஆவணங்களிலும் பயிற்சி நூல்களிலும் இடம்பிடித்துவிட்ட இந்தப் பணிமுறையின் அடிப்படைக் கூறுகள் ஏறத்தாழ அனைத்தையும் முதலில் வகுத்தவர்கள் நோயாளிகள் என்று அழைக்கப்பட்டவர்களே என்பதும், வல்லுநர்கள் அவற்றைப் பின்னர்தான் பெயரிட்டு நூலாக்கினர் என்பதும் அதன் வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பவருக்குப் புலனாகும்.

இரண்டு வாசல்களும் எப்படி உருவாயின என்பதை முதலில் காணவேண்டும். 1955-ஆம் ஆண்டில் அமெரிக்க மாநில அரசுகளின் மனநோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் தங்கவைக்கப்பட்டிருந்தனர். அந்நாட்டு வரலாற்றில் அதுவே உச்ச எண்ணிக்கை. குடிநோயாளிகளையும் சில வேளைகளில் அங்கே சேர்த்தார்கள் எனினும், போதை தெளியும்வரை அடைத்துவைப்பதற்கு மேல் அங்கு அவர்களுக்குச் செய்யப்பட்டது சொற்பமே. மருத்துவம் கைவிட்ட நிலையில் குடிநோயாளிகள் தங்களுக்குத் தாங்களே ஒரு வழி கண்டனர். 1935-இல் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில் பங்குவணிகரான பில் வில்சனும் அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தும் சந்தித்துப் பேசியதிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கம் வளர்ந்தது. குடியிலிருந்து மீள முயலும் ஒருவருக்கு அதே குழியில் விழுந்து எழுந்த இன்னொருவரே உற்ற துணை என்பது அதன் அடித்தளம். மனநோயாளிகளிடமும் இதை ஒத்த முயற்சி பிறந்தது. நியூயார்க் மாநிலத்து ராக்லண்ட் மருத்துவமனையிலிருந்து வெளிவந்த சிலர் 1940-களில் ‘நாம் தனியாக இல்லை’ என்னும் பொருள்படும் பெயருடன் ஒரு குழுவாகக் கூடினர். அக்கூட்டமே 1948-இல் நியூயார்க் நகரில் ஃபவுண்டன் ஹவுஸ் என்னும் இல்லமாக நிலைபெற்றது. அங்கு வருபவர் நோயாளி எனக் கருதப்படாமல் உறுப்பினர் எனப்பட்டார். சமையல், கணக்கு, அலுவலகம் என இல்லத்தின் வேலைகளைப் பணியாளரும் உறுப்பினரும் சேர்ந்தே செய்தனர்.

இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன. குடிநோயாளிகளின் கூட்டங்கள் சிலவற்றில் மனநோய்க்கான மாத்திரையே இன்னொரு போதையாகக் கருதப்பட்டது. மனநோயாளிகளுக்கான இல்லங்களோ குடிப்பவரைச் சேர்க்கத் தயங்கின. அரசு நிர்வாகம் இந்தப் பிளவைச் சட்டத்தால் இறுக்கியது. மனநலத்துக்கான தேசிய நிறுவனம் 1949-இலும், மதுப்பழக்கத்துக்கான நிறுவனம் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவும், பிற போதைப்பொருட்களுக்கான நிறுவனம் 1974-இலும் அமைந்தன. தனித்தனி நிதி, தனித்தனி உரிமம், தனித்தனிப் பயிற்சி என்று பிரிந்த இத்துறைகளிடையே ஒரு மனிதரின் வாழ்க்கையும் மூன்று கோப்புகளாகப் பிரிந்தது. இதைக் கொள்கைப் பிழை என்பதைவிட, துன்பத்தை அதைப் படுகிறவர் பக்கமிருந்து பாராமல் துறைகளின் பக்கமிருந்து பார்த்ததன் விளைவு என்பதே பொருந்தும்.

இதனிடையே பெரிய மருத்துவமனைகள் காலியாகத் தொடங்கின. புதிய மருந்துகள் வந்ததாலும், செலவைக் குறைக்க மாநிலங்கள் விரும்பியதாலும், அடைத்துவைப்பது அநீதி என்ற உணர்வு பரவியதாலும் இது நிகழ்ந்தது. 1963 அக்டோபர் 31 அன்று அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் ஊர்தோறும் சமூக மனநல நிலையங்கள் எழும் என்று வாக்களித்தது. திட்டமிடப்பட்ட 1,500 நிலையங்களில் ஏறத்தாழப் பாதிதான் உருப்பெற்றது. பழைய மருத்துவமனைகளில் ஒருநாளும் வாழ்ந்திராத ஒரு தலைமுறை 1970-களில் நேரே தெருவிலும் சிறையிலும் அவசரப்பிரிவிலும் தென்படத் தொடங்கியது. ராக்லண்ட் மாவட்டத்தில் பணியாற்றிய பெர்ட் பெப்பர் என்னும் மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1981-இல் எழுதிய கட்டுரையில் விவரித்த இளைஞர்கள் இவர்களே: மனநோயும் உண்டு, மதுவும் போதைப்பொருளும் உண்டு, எந்தச் சேவையிலும் நிலைத்திருக்கமாட்டார்கள். மனநோயுள்ள ஒருவருக்குப் போதைச் சிக்கலும் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல் என்றும், அவர்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் அச்சிக்கல் இருந்தது என்றும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வொன்று 1990-இல் உறுதிசெய்தது. அதற்குள் இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

அந்த இருபது ஆண்டுகளின் தொடக்கத்தில்தான் இந்த வரலாற்றின் திருப்புமுனை இருக்கிறது. போரை எதிர்க்கும் வியட்நாம் முன்னாள் படைவீரர்கள் என்னும் அமைப்பின் தலைவர்களில் ஒருவரான ஜான் பேரி, 1970-ஆம் ஆண்டின் இறுதியில், மனநல மருத்துவரும் ஹிரோஷிமாவில் தப்பிப் பிழைத்தோரைப் பற்றி எழுதியவருமான ராபர்ட் ஜே லிஃப்டனிடம் உதவி கேட்டார். ஊர் திரும்பிய வீரர்கள் உறங்கமுடியாமலும், திடீரெனச் சினம் பொங்கியும், குடித்தும், தங்கள் மனைவி மக்களோடு ஒட்டமுடியாமலும் தவித்தனர். ஆனால் தங்களைப் போருக்கு அனுப்பிய அரசின் மருத்துவமனைக்குப் போய் அதைச் சொல்ல அவர்களுக்கு மனமில்லை. லிஃப்டனும் உளப்பகுப்பாய்வாளரான கைம் ஷாட்டனும் அவ்வமைப்பின் நியூயார்க் அலுவலகத்துக்கே சென்றனர். அங்கே நடந்தவை ‘ராப் குழுக்கள்’ எனப்பட்டன. ராப் என்பது மனம்விட்டுப் பேசுவதைக் குறித்த அக்காலத் தெருவழக்கு. சிகிச்சை என்ற பெயரை வீரர்கள் வேண்டாமென்றனர். இடம் அவர்களுடையது, நேரம் அவர்கள் சொன்னது, கட்டணம் கிடையாது, நோய்ப்பெயர் கிடையாது. வந்த மருத்துவர்களும் தங்களைப் பற்றிய கேள்விகளுக்கு விடைசொல்லியாகவேண்டும். ஒரே பட்டறிவு உடையோர் ஒன்றுகூடுதல், ஒருவர் சொல்வதை மற்றவர் முழு மனத்தோடு உடனிருந்து கேட்டல், குழுவின் போக்கைக் குழுவே தீர்மானித்தல் ஆகிய மூன்றும் அக்கூட்டங்களில் செயல்பட்டதாக 1973-இல் வெளிவந்த தம் நூலில் லிஃப்டன் வகுத்துரைத்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் கொள்கை விதிகளாக எழுதப்பட்டவற்றின் கரு அதில் அடங்கியிருக்கிறது.

வீரர்களின் துன்பத்துக்கு அப்போது மருத்துவத்தில் பெயரே இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்வகைக் கையேடு 1952-இல் முதன்முறையாக வந்தபோது, கடும் நெருக்கடிக்குப்பின் வரும் மனக்குலைவு என ஒரு வகை அதில் இருந்தது. 1968-இல் வந்த இரண்டாம் பதிப்பு, வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த அதே ஆண்டில், அவ்வகையை நீக்கிவிட்டது. பாஸ்டனில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சமூகப்பணியாளராகச் சேர்ந்த சாரா ஹேலியிடம், 1969-இல், வீரர் ஒருவர் தம் படைப்பிரிவு பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக்கொன்றதைக் கூறி, தாமும் கொல்லப்படுவோம் என்று அஞ்சுவதாகச் சொன்னார். அவர் சொன்னதை மாயத்தோற்றம் என்று கொண்ட மருத்துவக்குழு அவருக்கு மனப்பிளவு நோய் என்று முடிவுகட்ட, ஹேலி ஒருவரே அவரை நம்பினார். வியட்நாமின் மை லாய் சிற்றூரில் அமெரிக்கப் படையினர் நடத்திய அந்தப் படுகொலை பற்றிய செய்தி அந்த ஆண்டின் இறுதியில் உலகுக்குத் தெரியவந்தது. கொடுமை இழைத்ததாகச் சொல்லும் ஒருவரின் எதிரில் அமர்ந்து கேட்பவருக்கு என்ன தேவை என்பதைப் பற்றி ஹேலி 1974-இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது: கேட்பவர் தம் அருவருப்பையும் அச்சத்தையும் முதலில் தமக்குள் எதிர்கொண்டால்தான் சொல்பவர் தொடர்ந்து பேசமுடியும் என்பது அதன் சாரம். ஷாட்டன் 1972 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதியதும், ஹேலியும் லிஃப்டனும் வீரர்களும் விடாது வாதாடியதும் சேர்ந்து, 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி. எனச் சுருக்கமாக வழங்கும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு இடம்பெற வழிசெய்தன. ஒரு நோய்ப்பெயர் தெருப்போராட்டத்தின் வழியே பாடநூலுக்குள் நுழைந்தது மருத்துவ வரலாற்றில் அரிது.

போதையைப் பற்றிய பழைய எண்ணத்தையும் அதே போர் அசைத்தது. வியட்நாமில் மலிவாகவும் தூய்மையாகவும் கிடைத்த ஹெராயினைப் படைவீரர்கள் பெருமளவில் பயன்படுத்துவதாக 1971-இல் வந்த செய்திகள் வாஷிங்டனைக் கலங்கவைத்தன. ஆயிரக்கணக்கான அடிமைகள் ஊர் திரும்புவார்கள் என்ற அச்சத்தில் நிக்சன் அரசு சிறுநீர்ச் சோதனைகளுக்கும் ஒரு தொடராய்வுக்கும் உத்தரவிட்டது. செயின்ட் லூயிஸ் நகரின் சமூகவியலாளர் லீ ராபின்ஸ், 1971 செப்டம்பரில் நாடு திரும்பிய வீரர்களில் ஏறத்தாழ 900 பேரைத் தேடிப்பிடித்து நேர்கண்டபோது, ஐந்தில் ஒருவர் வியட்நாமில் அடிமையாகியிருந்தார் எனத் தெரிந்தது; ஆனால் அவ்வாறு அடிமையானவர்களில் திரும்பிவந்த முதல் ஆண்டுக்குள் மீண்டும் அந்நிலைக்குத் தள்ளப்பட்டவர் 5 விழுக்காட்டினர் மட்டுமே. பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள். போதைப்பொருள் ஒருமுறை பற்றினால் விடாது என்ற நம்பிக்கையை இக்கண்டுபிடிப்பு ஆட்டங்காணச் செய்தது. அச்சமும் சலிப்பும் பிரிவும் நிறைந்த சூழலில் ஊன்றிய பழக்கம் அச்சூழல் மாறியதும் பெரும்பாலோரிடம் தளர்ந்தது. அதே வேளையில், போரைத் தம்முள்ளேயே சுமந்துகொண்டு வந்தவர்களுக்குச் சூழல் மாறவில்லை என்பதையும் இதனோடு சேர்த்தே நினைக்கவேண்டும். மனவடு உள்ள வீரர்களிடையே மதுச்சிக்கல் மிகுந்திருந்ததைப் பின்வந்த தேசிய ஆய்வு காட்டியது. உறக்கம் வருவதற்கும், காட்சிகள் மனத்தில் எழாமல் தடுப்பதற்கும், கூட்டத்தில் நிற்பதற்கும் அவர்கள் குடித்தார்கள். குடி அவர்களுக்குக் கேடு விளைவித்தது உண்மை. அதுவே அவர்கள் தமக்குத் தாமே கண்டுபிடித்துக்கொண்ட மருந்தாகவும் இருந்தது என்பதும் உண்மை. அதைப் பிடுங்க விரும்புபவர் அந்த இடத்தில் எதை வைக்கப்போகிறார் என்ற கேள்விக்கு விடை தரக் கடமைப்பட்டவர்.

போதை மறுவாழ்வு இல்லங்கள் பலவற்றில் அக்காலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. 1958-இல் கலிஃபோர்னியாவில் சார்ல்ஸ் டெடரிக் தொடங்கிய சினானன் என்னும் இல்லம், வட்டமாக அமரவைத்து ஒருவரை மற்ற அனைவரும் சொல்லால் தாக்கி அவருடைய பொய்களை உடைப்பதை முறையாகக் கொண்டது. அதைப் பார்த்து எழுந்த இல்லங்கள் மொட்டையடித்தல், பழிப்புப் பலகை மாட்டுதல் போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டன. பட்டறிந்தவர்களே பட்டறிந்தவர்களுக்குத் துணை என்ற கருத்தின் மேல் கட்டப்பட்ட ஓர் இல்லம் இப்படியும் ஆகக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். குழந்தைப் பருவத்தில் அடியும் இழிவும் பட்டு வளர்ந்தவரை வட்டத்தின் நடுவே நிறுத்தி இழிவுபடுத்துவது அவருடைய பழைய நிலைமைக்கே அவரைத் திருப்பியனுப்புவதாகும். பலர் முதல் வாரத்திலேயே ஓடிப்போயினர். அது அவர்களுடைய மனவுறுதிக் குறைவு என்று பதிவாயிற்று.

வீரர்களின் பேச்சுக்குழுக்கள் அரசுப் பணியாக மாறியது 1979-இல். கலிஃபோர்னியா செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் எட்டாண்டுகளாகக் கொண்டுவந்தும் நிறைவேறாத சட்டம் அவ்வாண்டு அதிபர் கார்ட்டர் காலத்தில் நிறைவேறியது. வெட் சென்டர் எனப்படும் நிலையங்கள் திறக்கப்பட்டன. மருத்துவமனை வளாகத்தில் இல்லாமல் கடைத்தெருக்களில் வாடகைக் கட்டடங்களில் அவை அமைந்தன. பணியாளர்களில் பெரும்பாலோர் வியட்நாம் சென்றுவந்தவர்கள். அங்கு பேசப்பட்டவை மருத்துவமனைக் கோப்புகளோடு சேர்க்கப்படவில்லை. நோய்ப்பெயர் பெற்றால்தான் உள்ளே வரலாம் என்ற விதியும் இல்லை. குடியும் துயரும் வேலையின்மையும் மணமுறிவும் ஒரே மேசையில் பேசப்பட்டன. 1981-இல் ரீகன் அரசு அவற்றை மூட முனைந்தபோது வீரர்களும் நாடாளுமன்றமும் தடுத்துவிட்டனர். இன்று ஏறத்தாழ 300 நிலையங்கள் இயங்குகின்றன.

ஆண்கள் போர்க்களத்திலிருந்து கொண்டுவந்ததைப் பெண்கள் பலர் தங்கள் வீடுகளிலிருந்தே சுமந்துவந்தனர் என்பது வெளிப்பட இன்னும் காலம் பிடித்தது. 1975-இல் வெளிவந்த முன்னணி மனநல மருத்துவப் பாடநூல் ஒன்று, குடும்பத்துக்குள் நிகழும் பாலியல் கொடுமை பத்து லட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான் நேர்கிறது என்று எழுதியிருந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, பாஸ்டன் நகர மருத்துவமனையில் செவிலியர் ஆன் பர்ஜெஸும் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ராமும் வல்லுறவுக்கு ஆளாகி வந்தவர்களை இரவும் பகலும் நேர்கண்டு, அவர்களிடம் காணும் அச்சம், கனவு, உடல்வலி ஆகியவை போர்வீரர்களிடம் காணப்படுவனவற்றை ஒத்திருப்பதை எழுதியிருந்தனர். முன்பே மனத்துயரோ குடியோ இருந்தவர்களிடம் அவை இன்னும் முற்றிவிடுவதையும் அவர்கள் கவனித்திருந்தனர். பாஸ்டனை அடுத்த சாமர்வில்லில் பெண்கள் கூட்டாக நடத்திய மனநல நிலையத்தில் பணியாற்றிய ஜூடித் ஹெர்மன், தம்மிடம் வந்த பெண்களிடம் கேட்டவற்றைக் கொண்டு 1981-இல் ஒரு நூலும், போர்வீரரின் வடுவும் வீட்டுக்குள் ஒடுக்கப்பட்ட பெண்ணின் வடுவும் ஒன்றே என்று நிறுவும் இன்னொரு நூலை 1992-இலும் எழுதினார். மீட்சிக்கு அவர் வகுத்த மூன்று படிகளில் முதலாவது பாதுகாப்பு; நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் கொண்டாடுவது அடுத்தது; மற்றவர்களோடு மீண்டும் பிணைவது மூன்றாவது. இந்த வரிசைமுறை முக்கியமானது. காயத்தைக் கிளறிக் கதையை வெளிக்கொணர்ந்துவிட்டால் குணமாகிவிடும் என்ற அவசரத்துக்கு அது தடைபோட்டது.

இக்காலத்தில் பலருடைய மனத்தை மாற்றிய கட்டுரை ஒன்றை எழுதியவர் ஒரு தாய். ஆன் ஜென்னிங்ஸின் மகள் மிகச் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர். மனப்பிளவு நோய் என்ற பெயருடன் பல ஆண்டுகளை மருத்துவமனைகளில் கழித்தவர். தமக்கு நேர்ந்ததை அவர் சொல்ல முயன்றபோதெல்லாம் அது நோயின் பிதற்றலாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர் கலங்கியபோது கட்டிப்போடப்பட்டார், தனியறையில் அடைக்கப்பட்டார். முன்பு அவரை அடக்கியவன் செய்ததும் அதுவே. 1992-இல் மருத்துவமனையிலேயே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மகளின் மருத்துவக் கோப்புகளைப் பக்கம்பக்கமாகப் படித்து, குழந்தைப் பருவக் கொடுமையும் மருத்துவமனை அனுபவமும் எப்படி ஒன்றன்மேல் ஒன்று படிந்தன என்பதை இரு பத்திகளில் எதிரெதிரே வைத்து ஜென்னிங்ஸ் 1994-இல் எழுதினார். அவரே பின்னர் மெய்ன் மாநில அரசில் மனவடுச் சேவைகளுக்கான அலுவலகத்தை நடத்தினார். அதே 1994-இல் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் நடுவண் அரசு கூட்டிய மாநாட்டில், கொடுமைக்கு ஆளாகி மனநலச் சேவைகளில் மேலும் புண்பட்ட பெண்கள் மேடையேறிப் பேசினர். கட்டிப்போடுவதும் தனியறையும் சிகிச்சையின் பகுதியல்ல, சிகிச்சை தோற்றதன் அடையாளம் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. கட்டுகளாலும் அடைப்பாலும் பத்தாண்டுகளில் 142 பேர் இறந்ததை ஹார்ட்ஃபோர்டு கூரண்ட் நாளிதழ் 1998-இல் வெளியிட்டது. இரண்டாண்டுகளில் நடுவண் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தியது.

மனநோய், போதை, வன்முறை ஆகிய மூன்றையும் ஒருசேரச் சுமந்த பெண்களுக்காக 1998 முதல் 2003 வரை அமெரிக்க அரசு நடத்திய ஆய்வு, இவ்வரலாற்றில் அறிவியலும் பட்டறிவும் ஒன்றாக உட்கார்ந்த இடம். 14 இடங்களில் தொடங்கி 9 இடங்களில் முழுமையாக நடந்த அவ்வாய்வில் 2,729 பெண்கள் பங்கேற்றனர். அத்தகைய வாழ்க்கையை வாழ்ந்து மீண்ட பெண்கள் ஆய்வுத் திட்டமிடலிலும், வினாத்தாள் எழுதுவதிலும், சேவை நடத்துவதிலும், முடிவுகளை எழுதுவதிலும் ஊதியத்துடன் அமர்த்தப்பட்டனர். தங்களைக் குறிக்கும் பெயரைக்கூட அவர்களே முடிவுசெய்தனர். மூன்று துன்பங்களையும் ஒரே ஆலோசனையில் இணைத்த இடங்களில் ஓராண்டுக்குப்பின் மனவடு அறிகுறிகளிலும் மனநலத்திலும் காணப்பட்ட முன்னேற்றம், வழக்கமான சேவையைவிடக் கூடுதலாக இருந்தது; அது பெரும் பாய்ச்சல் அன்று, ஆனால் தெளிவானது. செலவும் அதிகமாகவில்லை. பல்லாண்டுகளாக எந்தச் சிகிச்சையும் பிடிபடாதவர்கள் என்று கைவிடப்பட்ட பெண்களிடம் கிடைத்த முன்னேற்றம் என்பதால் அதன் பெறுமதியைச் சிறிதென்று தள்ளமுடியாது.

அந்த இடங்களுள் ஒன்று வாஷிங்டன் நகரில் மேக்சின் ஹாரிஸ் 1984-இல் இன்னொருவருடன் சேர்ந்து நிறுவிய கம்யூனிட்டி கனெக்ஷன்ஸ். வீடற்றும் நோயுற்றும் இருந்த பெண்கள் சிறு குழுக்களாகக் கூடித் தங்கள் உடலையும் எல்லைகளையும் உறவுகளையும் பற்றிப் பேசிப் பழகும் முறை அங்கு உருவானது. அந்த அனுபவத்திலிருந்து ஹாரிஸும் ரோஜர் ஃபாலட்டும் 2001-இல் தொகுத்த சிறுநூல், பாதுகாப்பு, நம்பகத்தன்மை, தெரிவுரிமை, கூட்டுழைப்பு, ஆற்றல்பெறுதல் ஆகிய ஐந்தையும் ஒரு சேவை தன் ஒவ்வொரு செயலிலும் சோதித்துக்கொள்ளவேண்டும் என்றது. மனவடுவுக்கு நேரடிச் சிகிச்சை தருவது வேறு, எந்தச் சிகிச்சை தரும் இடமும் மனவடுவை அறிந்து நடப்பது வேறு என்று அவர்கள் வரைந்த கோடு மிகப் பயனுள்ளது. அதன்படி வரவேற்பறையில் இருப்பவருக்கும் காவலாளிக்கும் வண்டியோட்டிக்கும்கூட இதில் பங்குண்டு. படிவம் நிரப்பும் முதல்நாளே வாழ்க்கையின் கொடுமைகளையெல்லாம் வரிசையாகக் கேட்காமலிருப்பது, எந்தக் கேள்விக்கும் விடைசொல்ல மறுக்கலாம் என்று முதலிலேயே தெரிவிப்பது, கதவுக்கும் வருபவருக்கும் நடுவே பணியாளர் அமராமலிருப்பது, சிறுநீர்ச் சோதனைக்கு யார் உடன்வருவது என்பதை அவரிடமே கேட்பது, சந்திப்புக்கு வராவிட்டால் பெயரை அடித்துவிடாமல் விசாரிப்பது ஆகியவை அப்பணியின் நாள்தோறுமான வடிவங்கள்.

இதே காலத்தில் பாஸ்டன் பகுதியில் லிசா நஜாவிட்ஸ் உருவாக்கி 2002-இல் நூலாக வெளியிட்ட சீக்கிங் சேஃப்டி என்னும் முறை, மனவடுவும் போதையும் சேர்ந்துள்ளவர்களுக்கெனவே எழுதப்பட்டது. உதவி கேட்பது, நேர்மை, எல்லை வகுப்பது, தன்னைப் பேணுவது என 25 தலைப்புகளில் அமைந்த அது கடந்தகாலக் கதையைத் தோண்டச் சொல்வதில்லை. இன்றைய பொழுதைப் பாதுகாப்பாகக் கடப்பதையே கற்பிக்கிறது. பழைய நினைவு வெள்ளமாக எழும்போது அறையிலுள்ள பொருட்களின் பெயரைச் சொல்வது, கால்கள் தரையில் ஊன்றியிருப்பதை உணர்வது போன்ற எளிய பயிற்சிகள் மதுவின் இடத்தில் வைக்கத்தக்க ஏதோவொன்றைத் தந்தன. குடியை முற்றாக விட்ட பின்னரே சேர்க்கப்படுவர் என்ற நிபந்தனை இதில் இல்லை. இரண்டு வாசல் பிளவை நடைமுறையில் உடைத்தது இந்த ஒரு தளர்வே எனலாம்.

சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 1998-இல் வெளியிட்ட குழந்தைப் பருவக் கொடுமைகள் பற்றிய ஆய்வு இவை அனைத்துக்கும் எண்களின் வலுவைத் தந்தது. நான்கோ அதற்கு மேலோ வகைக் கொடுமைகளுக்கு ஆளானவர்களுக்கு மது, போதைப்பொருள், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு எதற்கும் ஆளாகாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை கூடுகிறது என்று அது காட்டியது. மக்கள்தொகைக்குப் பொருந்தும் இந்த எண்ணைத் தனிமனிதருக்கு மதிப்பெண்ணாக இட்டு அவருடைய எதிர்காலத்தைக் கணிப்பது தவறு என்று ஆண்டாவே 2020-இல் எச்சரிக்கவேண்டியதாயிற்று. பட்டறிந்தோர் துணை ஒரு தொழிலாக ஏற்கப்பட்டதும் இக்காலத்திலேயே: ஜார்ஜியா மாநிலம் 1999-இல் ஏழையருக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டிலிருந்து அத்துணைக்குக் கட்டணம் பெற வழிசெய்தது, 2007-இல் நடுவண் அரசு பிற மாநிலங்களுக்கும் அதைத் திறந்துவிட்டது. 2014-இல் அரசு வெளியிட்ட வழிகாட்டி ஹாரிஸும் ஃபாலட்டும் சொன்னவற்றை விரித்து, பட்டறிந்தோர் துணையையும், பண்பாடு, வரலாறு, பாலினம் ஆகியவை குறித்த கவனத்தையும் சேர்த்து ஆறு நெறிகளாக்கியது. அதன்பின் மனவடு அறிந்த பராமரிப்பு என்ற சொல் எங்கும் பரவியது. அரைநாள் பயிற்சியும் சுவரொட்டியும் போதுமென்று பல நிறுவனங்கள் நிறைவடைந்தன. வாடகை வீடு, ஊதியம், ஒரே பணியாளர் தொடர்ந்து வருதல் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்காமல் நெறிகளை மட்டும் அச்சிடுவது அப்பெண்களும் வீரர்களும் கேட்டதற்கு ஈடாகாது.

வரலாறு என்னும் சொல் அந்த ஆறு நெறிகளுக்குள் வந்து சேர்ந்ததற்குப் பின்னால் தனியொரு கிளைக்கதை உண்டு. 1972 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரி நிறுவனத்தின் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்து, ஏறத்தாழ 4,000 பேர் வீடிழந்தபோது, அவர்களை அக்கம்பக்க உறவு பாராமல் தற்காலிக வீடுகளில் கலைத்துக் குடியமர்த்தினர். அங்கு சென்ற சமூகவியலாளர் காய் எரிக்ஸன், தனிமனிதருக்கு ஏற்பட்ட காயத்தோடு, ஒருவரையொருவர் தாங்கிநின்ற உறவுப்பின்னலே அறுந்துபோனது இன்னொரு காயம் என்று 1976-இல் எழுதி, அதைக் கூட்டு மனவடு என்றார். அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டா இனத்தைச் சேர்ந்த சமூகப்பணியாளர் மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட், அம்மக்களை அமெரிக்கப் படை கொன்ற 1890-ஆம் ஆண்டு வூண்டட் நீ படுகொலையும், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த விடுதிப் பள்ளிகளும் விட்டுச்சென்ற, அழுது தீர்க்கப்படாத துக்கம் தலைமுறைகளாக இறங்கி மதுவில் வெளிப்படுவதை 1990-களிலிருந்து விளக்கிவந்தார். தடைசெய்யப்பட்டிருந்த துக்கச் சடங்குகளை மீட்பதே அவர் நடத்திய கூடுகைகளின் நடுவிடமாக இருந்தது.

எரிக்ஸனின் கருத்து யாழ்ப்பாணத்துக்கும் வந்துசேர்ந்தது. அங்கு போர்க்காலத்தில் பணிபுரிந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், பி.டி.எஸ்.டி. என்னும் அமெரிக்க நோய்வகையைக் கொண்டு யாழ்ப்பாண மக்களின் துயரை 1998-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் பதிவுசெய்தவர். ஆனால் தனிமனிதரை மட்டும் பார்க்கும் அந்த அளவுகோல் போதாது என்று கண்டு, அவநம்பிக்கை, மௌனம், செயலின்மை, குடியின் பெருக்கம் என ஊர் முழுவதிலும் தெரிந்த மாற்றங்களைக் கூட்டு மனவடு என்ற தலைப்பில் 2007-இல் விவரித்தார். மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய நிலையில் இருந்த அந்நிலத்தில் ஆசிரியர்களும் ஆரம்பச் சுகாதாரப் பணியாளர்களும் கிராம மட்டப் பணியாளர்களும் பயிற்சி பெற்றனர். மூச்சையும் தசைகளையும் தளர்த்தும் பயிற்சிகள் அவரவர் சமயத்துக்கேற்ப, இந்துக்களுக்குச் செபமாகவும் முஸ்லிம்களுக்குத் திக்ராகவும் கத்தோலிக்கருக்குச் செபமாலையாகவும் சொல்லிக்கொடுக்கப்பட்டன. உடல் கிடைக்காமல் போனவர்களுக்கான ஈமக்கடன்களும் நினைவுகூரலும் துக்கம் ஆறுவதற்கு இன்றியமையாதவை என்று அப்பணியில் ஈடுபட்டோர் வலியுறுத்தினர்.